கோமதிக்கு ஒரு கடிதம்

சிவகாசி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஆடிப்பெருக்கன்று வழக்கம்போல அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுவிட்டார்கள். அன்று பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. மருமகள் பேறுகாலத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சமையலும் நான், கடையும் நான். அதனால்தான் பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குரூப் போட்டோவிலிருந்து அம்மாவை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னால், உன் போன் ஆப் காதோர முடியையும் தலையில் வைத்த பூவில் பாதியையும் தின்றுவிட்டிருக்கிறது. ஆப்பைத் திட்டிப் பயனில்லை. இன்றைக்கு எடுக்கிற படத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். போட்டோஷாப்பில் 2018இல் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ வந்தது, ஒரே அழுத்தில் ஆளைத் தனியாகப் பிரிக்கும். என் மகன் பாஸ்போர்ட் படத்துக்கு அதைத்தான் அழுத்துகிறான், வந்தவர்கள் உட்கார்வதற்குள் வெள்ளைப் பின்னணி தயார். உன் படம் அந்த ரகம் இல்லை. மங்கிப்போன கறுப்பு வெள்ளை. அம்மாவின் சேலைக்கும் பக்கத்தில் நிற்கிற உன் மாமா சட்டைக்கும் ஒரே சாம்பல். மல்லிகைக்கும் பின்னால் தொங்குகிற ஸ்டுடியோ திரைக்கும் ஒரே வெளுப்பு. எது எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரிவது அவர்களைப் பார்த்துப் பழகியதால்.

நிறத்தை வைத்து இடத்தைப் பிடிக்கிற மேஜிக் வாண்ட் கருவி ஏன் கேட்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்குத் தெரிந்தது ஒரே கணக்குதான். நீ கிளிக் செய்த புள்ளியின் நிறத்தை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகள் அதிலிருந்து எத்தனை படி விலகியிருக்கின்றன என்று பார்க்கும். குறித்த அளவுக்குள் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், தாண்டினால் நின்றுவிடும். போட்டோஷாப்பில் அந்த அளவு 32 என்று வைத்தே வரும். உன்னிடம் இருக்கிற கிம்ப் மென்பொருளில் 15. சிவப்புப் பூவையோ நீல வானத்தையோ பிடிக்க அது போதும். உன் படத்தில் சேலையில் வைத்தால் மாமா சட்டையில் ஏறி அவர் தோள் வரை போய்விடும். குறைத்தாலோ, பழைய பிரிண்டின் பொரிபொரியில் மாட்டிக்கொண்டு சல்லடை சல்லடையாக நிற்கும். அதை விட்டுவிடு.

இப்போது சொல்வதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள். எடுக்கிற பகுதியைச் சுற்றிக் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறதே ஒரு புள்ளிக்கோடு, எறும்பு வரிசை என்று சொல்வார்களே, அது செலக்‌ஷன் இல்லை. உண்மையான செலக்‌ஷன் உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக இருக்கிற இடம் முழுதாக எடுபடும், கறுப்பு எடுபடாது. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ சாம்பல், மொத்தம் 256 படி. புள்ளிக்கோடு ஓடுவது பாதிக்கு மேல் எடுபட்ட இடத்தைச் சுற்றி மட்டும்தான். நாற்பது சதவீதம் எடுபட்ட முடி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும், ஆனாலும் வெட்டி ஒட்டும்போது லேசாகக் கூடவே வந்து சேரும். எல்லா இடமும் பாதிக்குக் கீழே இருந்துவிட்டால் போட்டோஷாப் கோட்டையே காட்டாது, ஒரு எச்சரிக்கை மட்டும் போடும். முடியைக் கோட்டுக்குள் கொண்டுவரத்தான் நீ இத்தனை நாள் கையால் சுற்றி வளைக்கிற லாசோ கருவியோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். (அந்த ஓடும் கோட்டை 1984இல் மேக்பெயின்ட் மென்பொருளில் கொண்டுவந்தவர் பில் அட்கின்சன். அருவி ஓடுவது போலக் காட்டும் ஒரு பீர் விளம்பரப் பலகையைப் பார்த்ததும் யோசனை வந்ததாம்.)

கிம்ப்பில் ஷிஃப்ட்டும் க்யூவும் சேர்த்து அழுத்து. எடுபடாத இடமெல்லாம் சிவப்பாகிவிடும். உனக்கு உடனே பிரஸ் ஞாபகம் வரும் பார். லைட் டேபிளில் குனிந்து, சிவப்பு மாஸ்க்கிங் ஃபிலிமைப் பிளேடால் கீறி உரித்தோமே, அதே சிவப்புதான். அச்சு வேலைக்குப் பயன்படுத்திய லித் ஃபிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. கீழே இருக்கிற படம் நம் கண்ணுக்குத் தெரியும், ஃபிலிமுக்கு அந்த இடம் இருட்டு. ஆனால் அன்றைக்குப் பிளேடுக்கு இரண்டே கட்சி, உரித்தது அல்லது உரிக்காதது. முடிக்கு வழியே இல்லை. அந்தக் காலக் காலண்டரில் நடிகைகள் எல்லோருக்கும் தலை ஹெல்மெட் மாட்டியது போல வழுவழுவென்று இருந்தது அதனால்தான். இப்போது அந்தச் சிவப்பைப் பிரஷ்ஷால் பாதி அழிக்கலாம், கால்வாசி பூசலாம். கூந்தல் ஓரத்தில் மெத்தென்ற பிரஷ்ஷை மெல்ல ஓட்டு.

உன் படத்துக்கு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள். தோள், கை, சேலைக் கரை எல்லாம், புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற பாத் டூலால், புள்ளி புள்ளியாக. மெனக்கெட வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. தலைக்கு மட்டும் சேனலுக்குப் போ. கலர் படம் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரிந்திருக்கும். பழைய பிரிண்ட் பழுத்து மஞ்சளாகியிருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அழுக்காகத் தெரியும், சிவப்புச் சேனலில் அநேகமாக மறைந்துவிடும். அதனால் சிவப்பை ஒரு நகல் எடுத்து, கறுப்பு வெள்ளை அளவை மாற்றுகிற லெவல்ஸில் இரண்டு முனையையும் உள்ளே தள்ளு. ஸ்டுடியோ திரை வெளுக்கும், முடி கறுக்கும். பிறகு இன்வர்ட் செய், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். முடி வெள்ளையாகி, உதிரி இழைகள் சாம்பலாக நிற்கும். அதைச் செலக்‌ஷனாக மாற்றி மற்றதோடு சேர்த்துக்கொள்ளலாம். முகத்தின் உள்பக்கத்தை வெள்ளையால் நிரப்ப மறந்துவிடாதே, இல்லாவிட்டால் கன்னத்தில் ஓட்டை விழும். பூவை மட்டும் கையால்தான் வரைய வேண்டும்.

எடுத்ததும் பின்னணியை டிலீட் செய்துவிடாதே. அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கிற லேயர் மாஸ்க்காகப் போட்டு வை, எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அப்புறம் தயவுசெய்து பின்னால் ரோஜாத் தோட்டம், கோபுரம் எதுவும் வைக்காதே. வெளிறிய திரைக்கு முன்னால் எடுத்த தலையைக் கரும்பச்சையில் ஒட்டினால், முடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நம் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் பாதி அப்படித்தான் நிற்கின்றன. திரையின் அதே வெளிறிய சாம்பலைப் போடு, விளிம்பு இருந்தாலும் தெரியாது.

இன்னொன்று. அம்மாவின் இடது தோளில் உன் சித்தியின் கை இருக்கிறது, கவனித்தாயா? நாலு விரலும் சேலை மடிப்பில் பதிந்திருக்கின்றன. அதை அழித்தால் அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். இப்போது ஏஐ அழகாக மடிப்புகூட வரைந்து கொடுக்கும், ஆனால் அது உன் அம்மா உடுத்தியிருந்த சேலையாக இருக்காது. என்னைக் கேட்டால், அக்கா தங்கை இருவரையும் சேர்த்தே எடுத்துவிடு என்பேன். மாமா பக்கம் மட்டும் வெட்டினால் போதும், வேலையும் குறைவு. சித்தி வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். அம்மா மட்டும்தான் வேண்டும் என்றாலும் சொல், நானே உட்கார்ந்து செய்து தருகிறேன்.

ஒரிஜினலைத் தபாலில் அனுப்பாதே. கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் நான் சொன்ன சேனல் வேலை நடக்காது. கலரிலேயே 600 டிபிஐ வைத்து, தரம் குறையாத டிஃப் ஃபைலாக மெயிலில் போடு. வாட்ஸ்அப் சுருக்கிவிடும். தீபாவளி கழிந்துவிட்டால் காலண்டர் நெருக்கடியில் என்னைப் பிடிக்க முடியாது, அதற்குள் அனுப்பிவிடு. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி