வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: 'பிரஷர் ஒக்சிஜன்' பற்றியும் நம் கடையைப் பற்றியும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் டவுனில் படிக்கட்டு ஏறி வர வேண்டிய நம்முடைய கடையை உங்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிரஷர் பார்க்கும் மெஷின், நெபுலைசர், சக்கர நாற்காலி, ஒக்சிஜன் சிலிண்டர், காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும் கொன்சன்ட்ரேட்டர் என்று விலைக்கு வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் போகிறவர்கள் பொகவந்தலாவை, மஸ்கெலியா தொடங்கி தலவாக்கலை, நுவரெலியா வரைக்கும் இருக்கிறீர்கள். 2021 இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, வீட்டில் வேலை முடிந்த மெஷினை வாடகை நாள் மிச்சமிருக்கும்போதே திருப்பிக் கொண்டுவந்து, "அடுத்த ஆளுக்குக் கொடுங்கள்" என்று சொன்னவர்கள் நீங்கள். அந்த நன்றி இந்தக் கடை இருக்கும் வரைக்கும் இருக்கும்.

கொஞ்ச நாளாக வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கே பலர் அனுப்பி, "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்டார்கள். காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் ஒரு அம்மாவுக்காக மகள் ஒக்சிஜன் மெஷின் கேட்டு வந்தாராம். நாங்கள் இல்லையென்று அனுப்பிவிட்டோமாம். தோட்டத்து ஆட்களுக்கு இந்தக் கடையில் மதிப்பில்லையாம், காசுள்ளவர்களுக்குத்தான் மெஷினாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இந்த மடல்.

மெஷின் கொடுக்கவில்லை என்பது உண்மை. காசு இல்லாததால் கொடுக்கவில்லை என்பது பொய். அந்த மகள் காசோடுதான் வந்தார். அது கழுத்தில் கிடந்ததை அடகு வைத்த காசு என்று தெரிந்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்கே போய், காற்றடைத்து உள்ளே படுக்கும் ஒரு கூடாரத்தைக் காட்டியிருக்கிறார். அதற்குள் அம்மாவைப் படுக்க வைத்து, ஹட்டனில் ஒரு கொன்சன்ட்ரேட்டரை வாடகைக்கு எடுத்து மாட்டினால் போதும், வெளிநாட்டில் கொடுக்கும் 'பிரஷர் ஒக்சிஜன்', அதாவது ஹைப்பர்பாரிக் சிகிச்சை இதுதான், காலை வெட்ட வேண்டி வராது என்று சொல்லியிருக்கிறார். நான் அந்த மகளை உட்கார வைத்து நெடுநேரம் பேசினேன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, வேனும் பிடித்துக் கொடுத்தேன். அந்தப் பதிவில் இதெல்லாம் இல்லை.

தோட்டத்து ஆட்கள் என்பதால் விரட்டினோம் என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. நான் லயத்தில் பிறந்தவன். அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அரைப் பேர் போட்டு, அரை நாள் சம்பளம் மட்டும் கிடைத்த நாளில் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. சம்பளம் போட்ட பிறகு தாருங்கள் என்று கொடுத்துவிட்ட மெஷின்களின் கணக்கு அதில் இருக்கிறது. அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருநாளும் வெளியே சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொப்பியில் பெயருள்ளவர்களாவது அந்தக் குரல் பதிவை நம்பக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மெஷினை வாடகைக்கு விட்டிருந்தால் எங்களுக்கு லாபம்தானே? அதை வேண்டாமென்று சொன்னதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கும் அந்த ஆள் வரக்கூடும்.

ஹைப்பர்பாரிக் சிகிச்சை என்பது உண்மையான வைத்தியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சேம்பர் என்று சொல்லும் கெட்டியான சுவருள்ள ஒரு அறைக்குள் நோயாளியை வைத்து, காற்றழுத்தத்தைக் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல இரண்டு, இரண்டரை மடங்காக ஏற்றி, சுத்தமான ஒக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். சாதாரணமாக நம் இரத்தத்தில் ஒக்சிஜனைச் சுமப்பது சிவப்பணு. அது ஏற்கனவே நிறைந்துதான் இருக்கும், அதில் மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் அழுத்தம் கூடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஒக்சிஜன் கரையத் தொடங்கும், சோடா போத்தலுக்குள் அழுத்தத்தால் வாயு கரைந்து நிற்பது மாதிரி. சாதாரணக் காற்றில் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லிலீட்டர்தான். 3 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஒக்சிஜன் கொடுத்தால் அது 6 மில்லிலீட்டர் அளவுக்குப் போகும். ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பன்றிகளின் இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, இந்தக் கரைந்த ஒக்சிஜனை மட்டும் கொண்டு உயிரோடு வைத்திருந்து, அதை 1960 இல் எழுதினார். அழுத்தத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

சரி, அந்தக் கூடாரத்தில் என்ன நடக்கிறது? துணியும் பிளாஸ்டிக்கும் சேர்த்துத் தைத்த பைக்கு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க முடியாது. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை 1 என்று வைத்தால், வெளியே இருப்பதைவிடப் பெரும்பாலும் 0.3 அளவு கூட்டத்தான் முடியும். கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் அது 1.3 ஆகும். வைத்தியச் சங்கங்கள் ஹைப்பர்பாரிக் என்று ஏற்றுக்கொள்ளும் ஆகக் குறைந்த அளவே 1.4. நாம் இருப்பதோ மலையில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 0.8 தான். அதோடு 0.3 ஐக் கூட்டினால் 1.1. ஹட்டனில் கணக்குப் போட்டாலும் 1.2 ஐத் தொடாது. நுவரெலியாவில் அந்தப் பைக்குள் படுத்து வெறும் காற்றைச் சுவாசிக்கிறவருக்குக் கிடைப்பது, பஸ் ஏறி கொழும்புக்குப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பதைவிடச் சற்றே கூடிய ஒக்சிஜன். இதற்கா ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பது? சரி, கொன்சன்ட்ரேட்டரையும் சேர்த்து மாட்டினால்? மூச்சில் ஒக்சிஜன் கூடும், உண்மைதான். ஆனால் அழுத்தம் அதே 1.1 தான். ஆராய்ச்சிகளில் புண் ஆறியது என்று காட்டியது அந்த அழுத்தத்தில் இல்லை.

ஆராய்ச்சி என்றதும் இன்னொன்று. சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) வரும் கால் புண்ணுக்கு உண்மையான சேம்பரே எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. சுவீடனில் 94 நோயாளிகளை வைத்துச் செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், 2.5 மடங்கு அழுத்தத்தில் ஒக்சிஜன் பெற்றவர்களில் ஒரு வருடத்தில் நூற்றுக்கு 52 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. அதே அழுத்தத்தில் வெறும் காற்றைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேருக்குத்தான் ஆறியது. நல்ல முடிவு. ஆனால் 2018 இல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்துச் செய்ததில் அப்படித் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதனால்தான் நல்ல டொக்டர்கள் முதலில் வேறு வேலைகளைப் பார்ப்பார்கள். அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது, கிருமிக்கு மருந்து, சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது, காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்ப்பது, அப்புறம் புண்மேல் பாரம் விழாமல் வைப்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரு மாதத்தில் தேறாத ஆழமான புண்ணுக்குத்தான் சேம்பரைப் பற்றி யோசிப்பார்கள். அதையும் 30, 40 தடவை செய்ய வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை இரண்டு மணித்தியாலம்.

பாரம் விழாமல் வைப்பதுதான் நம் ஆட்களுக்குப் பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கவாத்து வெட்டிய மலையில் குச்சி குத்தி வந்த புண், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து வந்த புண், ஈரத்திலேயே ஊறிய விரலிடுக்கு. சீனி இருக்கிறவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, அதனால் வலிக்காது. வலிக்காததால் அடுத்த நாளும் மலைக்குப் போவார். போகாவிட்டால் பேர் இல்லை. இதற்கு ஒரு கூடாரம் என்ன செய்யும்? தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, பெரிய இடத்துக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம். காலில் புண் வந்த முதல் வாரமே போனால் எவ்வளவோ விரல்கள் தப்பும்.

சேம்பர் உண்மையிலேயே உயிர் காக்கும் இடங்களும் உண்டு. ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வந்ததால் இரத்தத்தில் வாயுக் குமிழி கட்டியவர்களுக்கு அதுதான் முதல் வைத்தியம். திருகோணமலையில் கடற்படையிடம் சேம்பர் இருப்பதும் அதற்காகத்தான். இரத்தக் குழாயில் காற்று அடைத்தவர்கள், புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் எடுத்து எலும்பும் சதையும் கெட்டவர்கள், திடீரென்று காது கேட்காமல் போன சிலர் என்று அந்தப் பட்டியல் அளவானது. பிள்ளைகளின் ஆட்டிசம், புற்றுநோய், முதுமை எல்லாவற்றையும் சரியாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே அப்படிச் சொல்லி விற்பவர்களைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

மலைநாட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று கரிப்புகை. குளிர் தாங்காமல் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்குகிறோமே, அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சிவப்பணுவைப் பிடித்துக்கொண்டு ஒக்சிஜனுக்கு இடம் கொடுக்காது. வெறும் காற்றில் அதில் பாதி வெளியேற 4 முதல் 6 மணித்தியாலம் ஆகும். முகமூடியில் சுத்த ஒக்சிஜன் கொடுத்தால் 80 நிமிடம் அளவு, சேம்பரில் 23 நிமிடம் அளவு. ஆனால் சேம்பரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தலையிடி, வாந்தி, மயக்கம் என்று ஒரே அறையில் இரண்டு பேருக்கு வந்தாலே ஆளை வெளியே தூக்கி வந்து, 1990 க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும் ஒக்சிஜனே அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைக்கும்.

டொக்டர் எழுதிக் கொடுத்து, உண்மையான சேம்பருக்குப் போகிறவர்களும் சிலதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காது அடைத்து வலிப்பதுதான் அதிகம் வரும் தொந்தரவு, தடிமன் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சை நடக்கும்போது சீனி இறங்கலாம், அதனால் சாப்பிடாமல் போகாதீர்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் தூரப் பார்வை மங்கும். மிக அரிதாக வலிப்பு வரும். நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கியிருப்பவரை உள்ளே விடவே கூடாது.

எல்லாவற்றையும் விட நெருப்பு. தலைக்குத் தேங்காய் எண்ணெய், உடம்புக்குத் தைலம் எதுவும் பூசக் கூடாது. சுத்தப் பருத்தி உடுப்புத்தான் போட வேண்டும். போன், லைட்டர், கையைச் சூடாக்கும் பை எதையும் கொண்டு போகக் கூடாது. 1997 இல் இத்தாலியின் மிலான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேம்பர் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இதேபோல் இறந்தது. கெட்டியான சேம்பர் உள்ள இடங்களிலேயே இப்படி நடக்கும்போது, விறகடுப்பும் சாமி விளக்கும் எரியும் லயத்து அறைக்குள் ஒக்சிஜனை நிரப்பிய பையை எப்படி வைப்பது? அந்தக் கூடாரத்தை விற்கிறவர் எங்களிடமும் வந்தார், ஆள் அனுப்பினால் கமிஷன் தருவதாகச் சொன்னார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காசு பார்க்கிற கடை என்று எங்களைச் சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்முடைய கொன்சன்ட்ரேட்டர் மூச்சு நோய்க்கானது. டொக்டர் எழுதிய அளவுக்குமேல் திருப்பக் கூடாது. நீண்ட நாள் புகைத்து நெஞ்சு கெட்டவர்களுக்கு ஒக்சிஜன் கூடினால் உள்ளே கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும். டொக்டரின் துண்டு கேட்பதும் அதற்காகத்தான், உங்களை அலைக்கழிக்க இல்லை.

2022 இல் டொலர் ஏறியதிலிருந்து பில்டர், வால்வு எல்லாமே விலை. அதற்குமேல் 18 வீத வற் வரி. நம்மிடம் இருந்த டெக்னீஷியன் தம்பியும் வெளிநாடு போய்விட்டார். அதனால் அடுத்த மாதம் முதல் வாடகை 15 வீதம் கூடும், இரவு ஏழு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்க முடியாது. இப்போது மெஷின் வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் பாவிக்க ஒரு சிலிண்டரை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இப்போதைய வாடகைக்காரர்களுக்கு அதற்கு முற்பணம் வாங்க மாட்டோம்.

பதிவைக் கேட்ட பிறகும் கடைக்கு வந்து, "நாங்கள் நம்பவில்லை அண்ணே" என்று சொன்ன அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அந்த அம்மாவின் குடும்பத்தோடு எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு அவர்கள் டொக்டரின் துண்டோடு எந்த மெஷின் கேட்டு வந்தாலும் கொடுப்பேன், காசு பிறகு தந்தால் போதும்.

கூடாரம் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஒருமுறை வாருங்கள். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரைக்குத் திறந்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஹட்டன் கடைக்காரர்