பட்டன் போன்காரருக்கும் ஊரில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் கைபேசி மோகம் குறித்துத் தங்கள் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கடிதங்களைப் படித்தேன். பெற்றோரின் கண்டிப்பையும் தனிமனிதரின் மனக்கட்டுப்பாட்டையுமே பெரும்பாலானோர் வலியுறுத்தியிருந்தார்கள். சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் கணக்கு எழுதும் நான், சென்ற ஆண்டு முதல் ஸ்மார்ட்போனை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாதாரண பட்டன் போனோடு வெளியே போய்வருகிறேன். அந்த அனுபவத்தில், அக்கடிதங்களில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பட்டன் போனுக்கு மாறும்போது மனக்கட்டுப்பாடு தேவைப்படும் காலம் மிகக் குறுகியது. அதற்குப் பிறகு அந்த மாற்றம் நிலைக்குமா, இல்லை பழையபடி திரும்பிவிடுவோமா என்பதைப் பள்ளிக்கூடமும் வங்கியும் கடைத்தெருவும் அலுவலகங்களும்தான் தீர்மானிக்கின்றன.

மனக்கட்டுப்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எதிரே நிற்பது எது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்க அமைப்பை 2006 இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்ற அமெரிக்கரே பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டியிருந்தது. போதும் என்று எழுந்துபோக அந்த ஒரு நொடி இடைவெளி போதுமானதாக இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் செயலியை மத்திய அரசு தடை செய்தபோது இனித் தொல்லை விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன்னுடைய ஷார்ட்ஸை முதன்முதலாக நம் நாட்டில்தான் சோதித்துப் பார்த்தது. வேலூரிலிருந்து ஆற்காடு வழியாக முத்துக்கடைக்குப் போகும் காலை நேரப் பேருந்தில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு மாறுவதை, இயர்போன் போடாத புண்ணியவான்களின் தயவில் கடைசி இருக்கை வரை கேட்டுக்கொண்டே போகலாம். ஒருவரைத் திரையிலேயே நிறுத்திவைப்பதற்கென்று சம்பளம் வாங்கும் பொறியாளர் கூட்டம் ஒருபுறம் இருக்க, மறுபுறம் தனியாக நிற்கும் பிளஸ் டூ மாணவனிடம் மனக்கட்டுப்பாட்டைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ‘பிஎன்ஏஎஸ் நெக்சஸ்’ இதழில் 2025 பிப்ரவரியில் இது தொடர்பாக ஓர் ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் 467 பேர். அவர்களுடைய ஸ்மார்ட்போன்களில் இரண்டு வாரம் இணையத்தை மட்டும் நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல் இருந்தன. கணினியில் இணையம் பார்க்கவும் தடையில்லை. அதாவது கையிலிருந்த ஸ்மார்ட்போனையே பட்டன் போனாக்கிப் பார்த்தார்கள். ஒன்றில் கவனத்தை நிறுத்தும் திறனும் மனநலமும் மேம்பட்டன என்பது ஆய்வின் முடிவு. என் கண்ணில் பட்டது வேறொன்று. தாமாக முன்வந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரால் அந்த இரண்டு வாரத்தை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. தடுப்புச் செயலி, நேர வரம்பு, திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது எல்லாமே பூட்டையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுக்கும் ஏற்பாடுகள்தான். பட்டன் போனில் தடையை நீக்கிவிட்டுத் திரும்பிப் போவதற்கு ஒன்றுமே கிடையாது. அதன் பலமே அதுதான். (சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய நிலையைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் தனிப் பிரிவே இயங்குகிறது.)

போன் வாங்கப் போன இடத்தில் கிடைத்த அனுபவம் தனி. பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் பட்டன் போன் கேட்டபோது, “அம்மாவுக்கா சார்? எழுத்து பெருசா தெரியற மாதிரி காட்டட்டுமா?” என்றார் கடைப்பையன். எனக்குத்தான் என்றதும், “ரெண்டாவது சிம்முக்கா?” என்று கேட்டார். ஒரே போனாகப் பட்டன் போனை வைத்துக்கொள்ளும் நடுவயதுக்காரர் அவருடைய கணக்கில் இல்லை. ஆனால் விவரம் தெரிந்த பையன். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது, ஆகவே பரணில் கிடக்கும் பழைய நோக்கியாவில் அந்த சிம் எடுக்காது, 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும் என்பதை அவர்தான் விளக்கினார். ஏர்டெல், வி சிம்களுக்குப் பழைய 2ஜி போனே போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் வீடியோ செயலிகளை ஏற்றியே விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கினால் திரை சிறிதானதைத் தவிர வேறு பலன் இல்லை. இந்தப் போன்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. இதே சென்னை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006 முதல் 2014 நவம்பரில் அது மூடப்படும்வரை தயாரான பட்டன் போன்களில்தான் நாட்டில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்களோ என்று தோன்றும்.

மாறிய பிறகு முதல் சில நாட்கள் கை சட்டைப்பைக்குப் போய்ப் போய்த் திரும்பியது உண்மை. அது தானாக அடங்கிவிட்டது. இப்போது பேருந்தில் தூங்குகிறேன் அல்லது தங்கள் நாளிதழைப் படிக்கிறேன். ஆலையில் சரக்குப் பேரேட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தால் இடையில் எழாமல் முடிக்கிறேன். இதற்குமேல் இதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. சிக்கல்கள் வேறு இடத்தில்தான் தொடங்கின.

முதலாவது பணம். காந்தி ரோட்டில் டீக்கடை முதல் பூக்காரம்மா வரை எல்லோரிடமும் ஸ்கேன் அட்டை இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் “சில்லறை இல்ல சார், ஜிபே பண்ணிடுங்க” என்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் ஸ்கேன் செய்தால் அவருக்கு மட்டும் சில்லறை எங்கிருந்து வரும்? ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. இணையம் இல்லாத சாதாரண போனிலிருந்தும் குரல்வழி அழைப்பு மூலம் பணம் செலுத்த ‘யுபிஐ 123பே’ என்ற வசதியை 2022 மார்ச் 8 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. ஒருமுறை 5,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்றிருந்த வரம்பு பிறகு 10,000 ஆக உயர்த்தப்பட்டது. *99# என்று அழுத்திப் பணம் அனுப்பும் வசதி அதற்கும் முந்தையது. இவ்வளவு இருந்தும், என் வங்கிக் கிளையில் இதைப் பற்றி விசாரித்தபோது, “எதுக்கு சார் அதெல்லாம், ஆப் டவுன்லோடு பண்ணிக்கோங்க” என்பதே பதிலாக வந்தது. வங்கி வாசலில் கடன் திட்டங்களுக்கு வைக்கும் பலகைகளுக்கு நடுவே இதற்கும் ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

இரண்டாவது, பணத்தைவிடப் பெரியது, பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் வீட்டுப்பாடம், கரும்பலகையைப் படமெடுத்த வடிவில், இரவு எட்டு மணிக்குமேல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. விடுமுறை அறிவிப்பு, கட்டணத் தேதி, தேர்வு அட்டவணை, நாளை வெள்ளைச் சீருடையா வண்ணச் சீருடையா என்பது வரை எல்லாம் அதே குழுவில்தான். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதற்காகப் பிள்ளையின் கைக்குப் போகும் போன், எழுதி முடித்த உடனே திரும்பி வருவதில்லை என்பது பெற்றோர் எல்லோரும் அறிந்ததே. கிராமப்புறக் குழந்தைகளிடம் எடுக்கப்படும் ‘அசர்’ கணக்கெடுப்பின் 2024 ஆம் ஆண்டு அறிக்கை இதைத்தான் காட்டுகிறது. 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கிறது. முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். வீட்டுப்பாடத்தை முன்புபோல் டைரியில் எழுதி அனுப்பும்படி வகுப்பாசிரியையிடம் கேட்டேன். “எல்லா பேரன்ட்ஸும் குரூப்ல இருக்காங்களே சார்” என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மேலிடத்து உத்தரவு இருக்கும். அதே பள்ளியில் சென்ற பருவத்தில் ‘கைபேசி அடிமைத்தனத்திலிருந்து விடுபடுவோம்’ என்று பெற்றோருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். அந்த அழைப்பும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். பழைய எண்ணோடு ஸ்மார்ட்போன் கூடத்தில், நாட்காட்டி மாட்டியிருக்கும் ஆணிக்குக் கீழே உள்ள அலமாரியில், சார்ஜரோடு சேர்ந்தே இருக்கும், படுக்கையறைக்குப் போகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியோ நானோ வாட்ஸ்அப்பைப் பார்த்து, வீட்டுப்பாடத்தை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்துவிடுவோம். வங்கி வேலையும் அங்கே நின்றபடியேதான். புதிய எண்ணோடு பட்டன் போன் என் பையில். ஆலையிலும் உறவிலும் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவசரம் என்றால் அழைக்கிறார்கள். அவசரமில்லாதது அப்படியே நின்றுவிடுகிறது. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மட்டும், “போட்டோ அனுப்பினேன், நீ பாக்கவே இல்ல” என்று இன்றும் வருத்தப்படுகிறார்.

குறுஞ்செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு பதிவு, ரேஷன், ஆதார், வங்கி ஆகியவற்றின் ஓடிபி எல்லாம் இன்றும் குறுஞ்செய்தியில்தான் வருகின்றன. இந்த அளவில் பட்டன் போன்காரருக்குக் குறையில்லை. ஆனால் ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் இருக்க, தமிழுக்கு 70 தான். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால், நாம் எழுத்து என்று எண்ணுவது அந்த 70 க்கும் குறைவாகவே அடங்கும். விளைவாகத் தமிழில் அனுப்ப வேண்டிய தகவலை ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள், அல்லது வாட்ஸ்அப்புக்கு மாறிவிடுகிறார்கள். இணையம் வேண்டாதவர்களுக்கென்று அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது நல்ல காரியம். நிறுவனங்களும் திட்டங்களை அறிவித்தன. ஆனால் தினசரி டேட்டாவோடு வரும் திட்டத்துக்கும் அதற்கும் உள்ள விலை வேறுபாடு, இணையத்தை விட்டவருக்கு ஊக்கம் தரும் அளவுக்கு இல்லை.

எல்லோரும் ஸ்மார்ட்போனைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐடா ஸ்கடர் சாலையில் சிஎம்சி மருத்துவமனை வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல், தங்கும் விடுதியைக் கண்டுபிடிப்பதற்கும், மருந்துக் கடைக்காரரிடம் பேசுவதற்கும், இரவில் ஊரில் விட்டுவந்த குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கும் அந்தக் கருவியையே நம்பியிருக்கும் குடும்பங்களைக் காணலாம். வீடியோ அழைப்பில் சைகை மொழியில் பேசிக்கொள்ளும் செவித்திறன் குறைந்தோருக்கும், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கும் அது இன்றியமையாதது. அதே சமயம், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறந்து சேமிப்பை இழப்பவர்களையும், வீடியோ அழைப்பில் வந்து மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியில் சிக்குபவர்களையும் நினைத்தால், தனியே வசிக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்பும் ஸ்மார்ட்போன் உண்மையில் தேவைதானா என்ற கேள்வி எழுகிறது. ஓடிபி கேட்டு வரும் மோசடி அழைப்பு பட்டன் போனுக்கும் வரும்தான். ஆனால் அதிலிருந்தும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930 ஐ அழைக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கல்வித்துறை அதிகாரிகள், வீட்டுப்பாடமும் விடுமுறை அறிவிப்பும் டைரியிலோ அறிவிப்புப் பலகையிலோ கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்த வேண்டும்; வாட்ஸ்அப் கூடுதல் வசதியாக இருந்துவிட்டுப் போகட்டும். வங்கிகள் 123பே வசதியைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளைக் கவுன்டரில் வைக்க வேண்டும். மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் இணையவழிப் பதிவோடு நேரடிப் பதிவுக்கும் ஒரு சாளரத்தைத் திறந்துவைக்க வேண்டும்.

கடைசி வேண்டுகோள் தங்களுக்கு. தங்கள் நாளிதழில் இப்போது சில செய்திகளின் அடியில் ‘முழுப் பட்டியலுக்கு ஸ்கேன் செய்யவும்’ என்று கட்டம் ஒன்றை மட்டும் அச்சிடுகிறீர்கள். பட்டியல் நீளமானதாக இருந்தால், தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையாவது அதன் பக்கத்தில் அச்சிடுங்கள். மின்தடை அறிவிப்பை மட்டும், எத்தனை ஊர்ப் பெயர்கள் இருந்தாலும், இப்போதுபோலவே முழுமையாக வெளியிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர் – 9