525 மடங்கு என்றால் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். செஸ் போர்டு, சைக்கிள் எல்லாம் சரி. டெலஸ்கோப் என்று வந்த இடத்தில் மட்டும், “525 மடங்கு பெரிதாகக் காட்டும், விலையும் குறைவு” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அப்படி வாங்கிய டெலஸ்கோப்புகள் சில மாதம் கழித்து எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேரும். “லென்ஸ்ல ஏதோ கோளாறு போல இருக்கு, ஒண்ணுமே தெரியல, கொஞ்சம் பாருங்க சார்” என்பார்கள். பிரித்துப் பார்த்தால் லென்ஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அந்த 525 எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். முன் லென்ஸின் குவியத்தொலைவை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்), கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸின் குவியத்தொலைவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். 700 மி.மீ. குவியத்தொலைவு உள்ள குழாயில் 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 175. பெட்டிக்குள் 3 மடங்கு பார்லோ என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கும். அதையும் மாட்டினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஒரு லென்ஸ் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. விட்டத்தில் ஒரு மி.மீட்டருக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் வானம் தெளிவாக இருந்தால். 60 மி.மீ. லென்ஸுக்கு அது 120. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், மங்கும், அவ்வளவுதான். கூடுதலாக ஒன்றும் தெரியாது. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டுபிடித்தது சுமார் 20 மடங்கு கருவியில்.

வாங்கும்போது கேட்கவேண்டியது விட்டம் எவ்வளவு என்பதை. இருட்டில் இளவயதுக் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைப் போலப் பத்து மடங்கு அகலம், அதாவது நூறு மடங்கு ஒளியை வாங்கிக் கண்ணுக்குள் விடுகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் தெரிவது இதனால்தான். பெட்டியில் மடங்கைப் பெரிய எழுத்தில் போட்டு விட்டத்தைத் தேடவைக்கிற சரக்கை நான் நம்புவதில்லை.

அதற்கு அடுத்தது ஸ்டாண்டு. என்னைக் கேட்டால் பாதிப் பணம் அதற்குத்தான். விலை குறைந்த பெட்டிகளில் வரும் அலுமினிய முக்காலி, கிட்டத்தட்ட குடைக்கம்பி கனம்தான் இருக்கும். 175 மடங்கில் நிலாவைப் பிடித்து ஐபீஸில் கை வைத்தால் நிலா ஆடுகிற ஆட்டம் நிற்கவே நேரமாகும். அதற்குள் பூமி சுழன்று நிலா வெளியே போய்விடும். பையன் மறுபடியும் தேடுவான், மறுபடியும் ஆடும். அப்புறம் குழாய் பரண்மேல் ஏறிவிடும். கடையில் திறந்து வைத்திருந்தால் குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கவில்லை என்றால் வேண்டாம்.

கண்ணாடிக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 4 மி.மீ. ஐபீஸில் கண் வைக்கிற துளை மிகச் சிறியது. இமைமயிர் கண்ணாடியில் உரசும் அளவுக்குக் கண்ணைக் கிட்டே கொண்டுபோனால்தான் ஏதாவது தெரியும். பெரியவர்களே திணறுவார்கள், பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதனால் முதலில் 20 அல்லது 25 மி.மீ. ஐபீஸை மட்டும் வெளியே வைத்துவிட்டு, 4 மி.மீட்டரையும் பார்லோவையும் எடுத்து ஒளித்து வையுங்கள். ஐபீஸ் நுழைகிற வாய் ஒன்றேகால் அங்குலம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இருந்தால் பின்னாளில் நல்ல ஐபீஸ் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அதைவிடக் குறுகலான பழைய அளவில் வந்தால் பொருத்தமான ஐபீஸ் கிடைப்பது கஷ்டம். பிள்ளைக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குமிழைத் திருகினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் பார்வையைத் திருத்துகிற பவர்) அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்கவேண்டியிருக்கும்.

சரி, என்னதான் வாங்குவது? ஐந்தாறாயிரம் ரூபாய்க்குள் என்றால் டெலஸ்கோப்பே வேண்டாம், 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மி.மீ. விட்டம்) வாங்குங்கள் என்பேன். பரிசு கொடுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பிறந்தநாளுக்குப் பைனாகுலர் என்றால் கெத்தாக இல்லையாம். ஆனால் நிலாவின் பெரிய பள்ளங்கள், வியாழனின் நாலு நிலாக்கள், கார்த்திகைக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிவது பல டஜனாகப் பெருகுவது, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் புகைபோலத் தெரியும் நெபுலா என்கிற வாயு மேகம், எல்லாம் அதில் தெரியும். நிலா இல்லாத இருட்டில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியும் அகப்படும். படம் நேராகத் தெரியும், தேடுவதும் சுலபம்.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கண்ணாடி போட வருகிறவர்களுக்கு இரண்டு பாவைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நாங்கள் அளப்போம், பி.டி. என்போம். பெரியவர்களுக்கு அது அறுபது மி.மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். பெரிய பைனாகுலர்கள் பலவற்றை எவ்வளவு மடக்கினாலும் அந்த அளவுக்கு நெருங்காது. பிள்ளைக்கு ஒரு கண்ணில்தான் படம் விழும். அதுவும் ஒன்றும் சொல்லாமல் “தெரியுது” என்று தலையாட்டிவிடும். சின்னப் பிள்ளை என்றால் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. கனம் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் நின்றுகொண்டு பார்த்தால் கை ஆடும். மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துவிடலாம், இல்லையென்றால் முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். வலப்பக்க ஐபீஸில் தனியாக ஒரு வளையம் திருகும், அது இரண்டு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசத்தைச் சரிசெய்ய. நிறையப் பேர் அதைத் தொட்டதே இல்லை.

பத்தாயிரத்தை ஒட்டிச் செலவழிக்க முடியும் என்றால் டெலஸ்கோப்புக்குப் போகலாம். இரண்டு வகை எனக்குப் பிடிக்கும். ஒன்று, 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தொலைவும் உள்ள லென்ஸ் டெலஸ்கோப், மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்புகிற சாதா ஸ்டாண்டோடு. 25 மி.மீ. ஐபீஸில் 28 மடங்கு வரும், சனியின் வளையத்தைக் கண்டுகொள்ள அது போதும். இன்னொன்று, மேசைமேல் வைக்கிற டாப்சோனியன். அதில் லென்ஸுக்குப் பதில் குழியாடி. 76 மி.மீட்டரில் சின்னது உண்டு. 100, 114 என்று பெரிதும் உண்டு, விலையும் கூடவே ஏறும். ஆடுவதற்கு முக்காலியே கிடையாது, ஒரு பலகைப் பெட்டி, அவ்வளவுதான். இந்த ஸ்டாண்டை அமெரிக்காவில் பரப்பிய ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். தூக்கி எறிந்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, மடத்துக்கு வெளியே கொண்டுபோய் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். 1967-இல் மடத்தைவிட்டு வந்த பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். ஏழை பார்க்கவேண்டும் என்று செய்த கருவி அது, இன்றைக்கும் விலைக்கு ஏற்ற பொருள்.

ஈக்குவடோரியல் என்று எடைக்கட்டை தொங்கவிட்ட ஸ்டாண்டு பார்க்க ஆராய்ச்சிக்கூடம் மாதிரி கம்பீரமாக இருக்கும். முதல் டெலஸ்கோப்புக்கு அதை வாங்கவேண்டாம். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பிவைத்தால்தான் முறையாக வேலை செய்யும். திண்டுக்கல்லில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் இருக்கிறது. ஊருக்குள் அந்த உயரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். நம் ஊருக்கு இன்னொரு குணம் உண்டு, கிரகங்கள் பல நேரம் உச்சிக்கு அருகில் ஏறிவிடும். அது நல்லதுதான், காற்றின் கலக்கம் குறைவு. ஆனால் லென்ஸ் டெலஸ்கோப்பில் பார்வையை மடக்கித் தருகிற டயகனல் இல்லையென்றால் தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்கமுடியும். பெட்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சில பெட்டிகளில் ஐபீஸில் திருகிக்கொள்ளும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். சூரியனைப் பார்ப்பதற்காம். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளையச் சூரியகிரகணத்தின் பாதை எங்கள் ஊர்வழியாகப் போனது, கோவை, கரூர், திருச்சியிலும் தெரிந்தது. அந்த வாரம் அப்படிப்பட்ட கண்ணாடியோடு கடைக்கு வந்தவர்களிடம் அதை இங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். முன் லென்ஸ் சூரிய ஒளி முழுவதையும் குவித்து அந்தச் சின்னக் கண்ணாடியின்மேல்தான் இறக்குகிறது. சூட்டில் அது விரிசல்விட்டால் கண் விலக நேரம் இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டது உறைக்காது. சூரியனுக்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் போட்டால் மட்டுமே சூரியனைப் பார்க்கலாம். அது கையில் இல்லையென்றால் பகலில் குழாயைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பிள்ளை கையில் பரிசைக் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிடவேண்டும்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வண்ணப் படங்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவை விண்வெளிக் கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. இருட்டில் நம் கண் நிறத்தைப் பிரித்துக் காணாது, நெபுலா சாம்பல் பூசியதுபோலத்தான் இருக்கும். சனியும் சின்னதாகத்தான் இருக்கும். அதன் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு ஒரு கோடாக நின்றது. இனி ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரியும், 2030-ஐத் தாண்டினால் நன்றாகவே திறந்திருக்கும். படம் தலைகீழாகத் தெரிகிறது என்றும் கொண்டுவருகிறார்கள். அது பழுதில்லை, வானத்தில் தலை எது கால் எது!

வாங்கி வந்ததும் பகலிலேயே ஒரு வேலை இருக்கிறது. தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தையோ, எங்கள் ஊர் என்றால் மலைக்கோட்டைச் சுவரையோ, 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள குறிபார்க்கும் குழாயின் திருகுகளை முறுக்கி அதிலும் அதே இடம் நடுவில் வருமாறு செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ராத்திரி வியாழனைத் தேடினால் கிடைக்காது. என்னிடம் வருகிறவற்றில் பலதின் வியாதி இதுதான், நான் காசு வாங்குவதில்லை. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடிவையுங்கள், இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது பரவிவிட்டால் கண்ணாடியையே அரிக்கும், என்னாலும் ஒன்றும் செய்யமுடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ராசிபலன் பக்கத்தில் குரு எந்த ராசி, சனி எந்த ராசி என்று கட்டம் போடுகிறீர்கள். அதன் கீழே, இன்று மாலை இருட்டியபின் அவை எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று ஒரு வரி சேர்த்துப் போடமுடியுமா? கட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு அதைக் கணக்கிடுவது பெரிய வேலை இல்லை. பிள்ளைகளுக்கு டெலஸ்கோப் வாங்கிக்கொடுத்த வீடுகளில் அந்தப் பக்கத்தைப் பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்