செயலாளர் ஆண்டறிக்கை 2022–23: வழுப்பட்டியல் இடம் மாறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கத்தின் 2022–23ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் இணையவழிக்குப் போனது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மென்பொருள் சுதந்திர நாளில், மாணவர்களின் மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தோம். வைஃபை கிடைக்காத மடிக்கணினிகளோடு வந்தவர்கள் இன்னும் சிலர் பாக்கி, அவர்களை மறக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மிச்ச உழைப்பு முழுவதும் ஒரே வேலைக்குப் போனது. நம் தமிழ்த் தட்டச்சு நிரலின் வழுப்பட்டியலை, அதாவது பயனர்கள் சொல்லும் பிழைகளின் பட்டியலை, பக்ஸில்லா என்ற வழுப்பதிவு மென்பொருளிலிருந்து, நிரல் மூலத்தையும் வழுக்களையும் சேர்த்து வைக்கும் கிட்லேபுக்குக் கொண்டுவந்தோம்.

பக்ஸில்லா கெட்ட மென்பொருள் அல்ல. லினக்ஸுக்குத் திரைச்சூழல் உருவாக்கும் கேடீஈ திட்டம் 2020இல் தன் நிரல் மூலத்தை கிட்லேபுக்கு மாற்றிய பிறகும் வழுக்களைப் பக்ஸில்லாவிலேயே வைத்திருக்கிறது. நம் பிரச்சினை அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான். வழங்கியில் (சர்வரில்) பதிப்பு பழையதாகிவிட்டது. விளம்பரக் கணக்குகள் வந்து குவிந்தன. புதிதாகக் கணக்கு தொடங்கியவருக்குப் போகும் மின்னஞ்சல் எரிதத்தில் (ஸ்பேமில்) விழுந்தது. வழுவைச் சொல்ல வந்தவர் கணக்கே தொடங்க முடியாமல் திரும்பிப் போனால், வழு இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கே போவது என்பதில் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. மாணவர்கள், கிட்லேப் போன்ற இன்னொரு தளமான கிட்ஹப் என்றார்கள். எல்லோருக்கும் அங்கே கணக்கு இருக்கிறது, அது உண்மையும்கூட. எதிர்த்தவர்கள் இரண்டு காரணங்களைக் கையில் வைத்திருந்தார்கள். 2019இல் அமெரிக்கத் தடைகளைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது ஒன்று. 2022 ஜூனில் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு உதவும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு, கிட்ஹப்பை விட்டு வெளியேறுங்கள் என்று விடுத்த அழைப்பு இன்னொன்று. இரண்டு தரப்பும் குரலை உயர்த்திய ஒரு நாளில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “தம்பி, எங்க போறோம்கிறது அப்புறம். பழைய வழுவோட இணைப்பைத் தட்டினா என்ன வரும்? அதைச் சொல்லு.” அதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. முடிவு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் செய்ததைப் பார்த்தோம். 2007 முதல் ரவுண்டப் என்ற மென்பொருளில் இருந்த வழுப்பட்டியலை கிட்ஹப்புக்கு மாற்ற அவர்களின் வழிகாட்டுக் குழு 2019 மே மாதம் ஒப்புதல் தந்தது. பட்டியல் உண்மையில் நகர்ந்தது 2022 ஏப்ரலில். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். கிட்ஹப்பில் வழுவுக்கும் நிரல் மாற்றக் கோரிக்கைக்கும் ஒரே எண் வரிசை. நிரல் மூலம் 2017இலேயே அங்கே போய்விட்டதால், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட எண்களைக் கோரிக்கைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே ஒவ்வொரு வழுவுக்கும் புது எண். பழைய தளத்தை எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் புதிய இடத்துக்கு இணைப்பு கொடுத்தார்கள். சென்னையில் கதவுக்குக் கதவு பழைய எண், புதிய எண் எழுதியிருப்பதுபோல இனி அவர்கள் இரண்டையும் சுமக்க வேண்டியதுதான்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014 நவம்பரில் பக்ஸில்லாவிலிருந்து பேப்ரிகேட்டர் என்ற மென்பொருளுக்குப் போனபோது இதைவிட நேர்த்தியாகச் செய்தது. பழைய எண்ணோடு 2000ஐக் கூட்டினால் புதிய எண். தமிழ் விக்கிப்பீடியாவுக்காகப் பழைய நாளில் வழுப் பதிந்தவர்கள் மனக்கணக்கிலேயே அதைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்த பேப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனமே 2021 ஜூனோடு பராமரிப்பை நிறுத்திவிட்டது. எந்த இடத்துக்குப் போனாலும் ஒருநாள் அங்கிருந்தும் கிளம்ப நேரலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட்டோம்.

கிட்லேபில் வழுவுக்கு ஒரு எண் வரிசை, நிரல் மாற்றக் கோரிக்கைக்கு வேறு வரிசை. திட்டத்தின் உரிமையாளராக இருந்தால், ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வாசல்) வழியாகப் பதியும்போது வழுவின் எண்ணையும் பதிந்த தேதியையும் நாமே கொடுக்கலாம். சரி, வேறென்ன வேண்டும்? செயற்குழு அன்றே ஒப்புக்கொண்டது. மூல நிரலில் ‘வழு 214 பார்க்க’ என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் அது 214தான். கிட்ஹப் தரப்பினரின் மாற்றுக் கருத்தைக் கேட்டுக்கொண்டபடி குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன். புதியவர்கள் வரத்து குறையும் என்ற அவர்கள் அச்சம் வீண் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பதிந்தவர் பெயரில் மட்டும் சமரசம். ஏபிஐ வழியாகப் போனதெல்லாம் சங்கத்தின் கணக்கில் பதிந்ததாகவே காட்டும். அதனால் ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் உண்மையில் எழுதியவர் பெயரைச் சேர்த்தோம். பக்ஸில்லாவில் மின்னஞ்சல் முகவரியே பயனர் பெயர் என்பதால், முகவரிகளை நீக்கிவிட்டே ஏற்றினோம்.

நாங்கள் எதிர்பாராத வேலை தமிழ் எழுத்தில்தான் இருந்தது. ஒரு பழைய வழுவின் தலைப்பு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தில் தொடங்கியது. குப்பை என்று அழிக்கப் போனார் மாணவர் ஒருவர். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் பழகிய உறுப்பினர் பார்த்துவிட்டு, “அது ‘தமிழ்’ப்பா” என்றார். அப்படிப்பட்டவற்றையும், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் ஒட்டியவற்றையும் கையால் இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றினோம்.

அடுத்தது ‘கொ’. யூனிகோடில் அதன் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக உள்ளிடலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்று, பதிவுகளை இடம் மாற்றும் மாற்றுநிரலில் ஒரு வரி சேர்க்கப் போனோம். நல்லவேளை, சோதனை ஓட்டத்தில் ஒரு வழு தடுத்தது. ‘இந்தச் சொல்லைத் தேடினால் அந்தச் சொல் கிடைக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாற்றிய பிறகு இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டன. புகார் கொடுத்தவர் உளறியதுபோல ஆகிவிட்டது! வித்தியாசமே வழுவாக இருக்கும்போது அதைச் சரிசெய்வது சாட்சியை அழிப்பது. கடைசியில் தலைப்புகளை மட்டும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே எழுதியதை எழுதியபடியே விட்டோம். இந்த ஆண்டு நாம் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பாக்கி வேலைகள் உண்டு. திரைப்பிடிப்புகள் எல்லாம் ஏறிவிட்டன. எழுத்துருக் கோப்புகளை, உரிமம் தெளிவாகத் தெரியாததால், ஏற்றவில்லை. பழைய பக்கங்களை இனி மாறாத நிலைப்பக்கங்களாக்கி வைத்திருக்கிறோம். பழைய முகவரியைத் தட்டினால் அதே எண்ணுள்ள புதிய பக்கத்துக்குப் போகும். அந்த முகவரி நம் கையில் இருக்கும்வரை மட்டுமே இது நடக்கும். ஆகவே பழைய தளப்பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவை நிரந்தரச் செலவாக ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் முகம் சுளிப்பது தெரிகிறது, தீர்மானமாகவே கொண்டுவந்திருக்கிறேன்.

மாற்றுநிரல் எழுதியவர்களுக்கும், மாலை நேரங்களில் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த மாணவர்களுக்கும், வழங்கியை இத்தனை காலம் தன் செலவில் வைத்திருந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையையும் மேற்சொன்ன தீர்மானத்தையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்