பள்ளிச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கும் நூலக அட்டை வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
கிளை நூலக உறுப்பினர், இரண்டு பிள்ளைகளின் அம்மா
(பெயர், முகவரி, உறுப்பினர் எண் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம்.

பொருள்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்று கேட்காமல் உறுப்பினர் அட்டை வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இரண்டு பேரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். போன மாதம் அவர்கள் பெயரில் உறுப்பினர் அட்டை போடலாம் என்று எங்கள் கிளை நூலகத்தில் படிவம் கேட்டேன். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் தலைமை ஆசிரியர், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லாம் நான்தான். கையெழுத்து எத்தனை வேண்டுமானாலும் போடுவேன், முத்திரைக்கு எங்கே போக?

நூலகர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நல்ல மனுஷர். "நான் போட மாட்டேன்னு சொல்லலம்மா, மேலேயிருந்து ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, அன்னிக்கே போட்டுத் தர்றேன்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மனு.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று தோன்றலாம், அதனால் எங்கள் வீட்டு நடப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். என் கணவர் தச்சு வேலை செய்கிறார், நான் வீட்டில் இருந்தபடியே தைக்கிறேன். நாலு வருஷம் முன்னால் நகரத்து வாடகையையும் தவணைகளையும் விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டோம். டிவி கிடையாது. போன் ஒன்றுதான், அதுவும் காலையில் அவரோடு வேலைக்குப் போய்விடும். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை, செலவைக் குறைத்தால்தான் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டு எடுத்த முடிவு. ஆனால் அந்தக் கணக்கில் புத்தகம் வாங்க மட்டும் காசு மிஞ்சவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை புத்தகத் திருவிழாவுக்குப் போய் நாலு புத்தகம் வாங்கினால் அதுவே பெரிய செலவு. மீதி வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அலமாரி உங்கள் நூலகம்தான்.

வாரம் ஒருநாள், புதன்கிழமை. வெள்ளி விடுமுறை, சனி ஞாயிறு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கூட்டம், உட்கார இடம் கிடைக்காது. புதன் காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் நாலைந்து பேர் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். போன வாரப் புத்தகங்கள் மஞ்சப்பையில். பத்தரைக்குப் போனால் பன்னிரண்டு வரை அங்கேதான் இருப்போம். சின்னவன் தரையில் உட்கார்ந்து படப் புத்தகம் பார்ப்பான், பெரியவள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து தரச் சொல்லி ஒரு தொகுதியை வைத்துக்கொண்டு குறிப்பு எடுப்பாள். அதை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அது நியாயம்தான்.

எங்களுக்குப் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் புதன்கிழமைதான். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். போன சித்திரையில் ஏரிக்கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டைகளை மகள் பார்த்தாள், புள்ளி புள்ளியாகக் கல் மாதிரியே இருந்தன, தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டு சுற்றியது. "அது ஆக்காட்டி, ஆளைக் காட்டிக் கொடுத்துரும்" என்றார் மாமியார். அந்தப் புதன்கிழமை நூலகத்தில் பறவைப் புத்தகம் தேடி எடுத்தாள், தரையிலேயே முட்டையிடும், ஏறக்குறைய நாலு வாரம் அடைகாக்கும் என்று படித்தாள், வந்து சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டாள். தினமும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து ஒரு வரி எழுதுவாள். இருபத்து மூன்றாம் நாள் போனபோது கூடு காலி, ஓட்டுத் துண்டுகூட இல்லை. நாய் தின்றுவிட்டதா, பொரித்துப் போய்விட்டதா என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் ஒரே கேள்வி. முட்டை என்றைக்கு இட்டது என்பதே நமக்குத் தெரியாதே, பிறகு நாலு வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணினாய் என்று கேட்டது அவள் அப்பா. அந்தக் கேள்வியோடுதான் அடுத்த புதன் பஸ் ஏறினாள், குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் படித்தாள். தமிழ், அறிவியல், கணக்கு எல்லாம் அந்த ஒரு மாதத்தில் அந்த நாலு முட்டையைச் சுற்றியே நடந்தது.

சரி, சிக்கல் எங்கே என்றால், என் அட்டைக்கு மூன்று புத்தகம், கணவர் அட்டைக்கு மூன்று. வீட்டுக்கே ஆறு, அதில் எனக்கு ஒன்றாவது வேண்டும். பெரியவள் பஸ்ஸிலேயே ஒன்றை முடித்துவிடுகிறாள். சனிக்கிழமைக்குள் எல்லாம் தீர்ந்து, சின்னவன் முறுக்கு மடித்து வந்த பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பான். இன்னும் இரண்டு அட்டை இருந்தால் வாரம் ஓடிவிடும். அப்புறம், தன் பெயர் எழுதிய அட்டையை நீட்டிப் புத்தகம் எடுப்பது ஒரு பிள்ளைக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாததா.

பள்ளி நேரத்தில் பிள்ளைகளை எப்படி உள்ளே விடுகிறீர்கள் என்று ஒரு வாசகர் ஒருமுறை சத்தம் போட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், நாங்கள் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-லிருந்து இருக்கிறது, 14 வயது முடிந்தால் அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மகள் அப்படித்தான் எழுதப் போகிறாள். பள்ளிக்கூடம் மேல் எங்களுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது, நாளைக்கே அவள் போகிறேன் என்றால் சேர்த்துவிடுவோம்.

இன்னொன்றையும் கவனித்தேன், உண்மையில் இதுதான் என்னை மனு எழுத வைத்தது. எங்கள் ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருக்கிறது, வேறு மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்கிறவர்கள். அதில் ஒரு பையன், ஒன்பது பத்து வயசு இருக்கும், சில புதன்கிழமைகளில் நூலக வாசலில் வந்து நிற்பான். என் மகன் கூப்பிட்டால் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பான், எடுத்துப் போகக் கேட்டதே இல்லை. ஆடு மேய்த்துக் கிடை போடும் கீதாரிகள் வீட்டுப் பிள்ளைகள், உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்கும் பிள்ளைகள், பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகள் என்று முத்திரை வாங்க வழியில்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பள்ளியில் படிக்கிற பிள்ளைக்காவது அங்கே ஒரு நூலகம் இருக்கும், ஒரு வாத்தியார் இருப்பார். இவர்களுக்கு இருப்பது கிளை நூலகம் மட்டும்தான், அதிலும் கதவு அந்த முத்திரையில்தான் திறக்கும் என்றால் எப்படி ஐயா?

எங்கள் வீட்டுவரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா. சென்னை மாகாணத்தில் 1948-ல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தில் தொடங்கியது இந்த வரி. வீட்டில் பள்ளி போகும் பிள்ளை உண்டா என்று கேட்டு யாரும் இதை வாங்குவதில்லை. எங்கள் நூலகர் நாற்காலிக்குப் பின்னால் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் படம் மாட்டியிருக்கிறது. 1931-ல் அவர் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. படிவத்தை எழுதியவர் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுதியிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். பள்ளிச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு ஆதார் நகலும் பெற்றோர் கையெழுத்தும் போதும் என்று உங்கள் மாவட்டத்துக் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நம்பிக்கைக்கு ஆள் வேண்டும் என்றால் வாசகர் வட்டத்திலோ புரவலர்களிலோ ஒருவர் பரிந்துரைக் கையெழுத்து போடட்டும், சூளைப் பிள்ளைகளுக்கு அதுதான் நடக்கிற காரியம், அவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊர் முகவரியே இருக்காது. வைப்புத்தொகையும் சந்தாவும் நாங்கள் கட்டிவிடுகிறோம். புத்தகம் தொலைந்தால் விலை தருகிறோம், இதுவரை ஒன்றும் தொலைத்ததில்லை, ஒன்றில் மட்டும் சின்னவன் சாம்பார் கொட்டிவிட்டான், அதற்குப் பதில் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

பதிலுக்கு எங்களால் முடிந்ததும் உண்டு. புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவித் துணி ஒட்டித் தருகிறேன், தையற்காரிக்கு அது கஷ்டமில்லை. சிறுவர் நூல்கள் இப்போது உயரமான அலமாரியில் இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் கை எட்டாது. நீங்கள் அனுமதித்தால் இடுப்பு உயரத்தில் இரண்டு தாழ்வான அடுக்குகள் செய்து தருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார், பலகை அவர் செலவு, அளவு எடுத்துக்கூட வைத்துவிட்டார்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பலாம், நூலகத்துக்கே அனுப்பினாலும் சரி, புதன்கிழமை பத்தரைக்குக் கைக்கு வந்துவிடும். படிவங்கள் இரண்டும் நிரப்பித் தயாராக இருக்கின்றன, தலைமை ஆசிரியர் கட்டம் மட்டும் காலி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கிளை நூலக உறுப்பினர்

இணைப்பு: நிரப்பிய படிவங்கள் 2, பிள்ளைகளின் ஆதார் நகல், வீட்டுவரி ரசீது நகல், அடுக்குக்கான அளவுப் படம் (வரைந்தது மகள்).