பெரியப்பா போட்ட ரோடு

அன்புள்ள கணேசா,

உன்னுடைய மூன்று கடிதங்களும் மேஜைமேல்தான் இருக்கின்றன. பதில் போடாதது தப்பு, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பாஸ்கரன் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும். வாசலில் அந்தப் பச்சைச் சட்டையோடுதான் நிற்பான், பார்த்துக்கொண்டே இரு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் காஷ்மீரிலிருந்து லடாக்குக்கு ஏறும் ஜோஜிலா கணவாய்க்குப் போய்விட்டு வந்தேன். வந்ததும் 1948 காஷ்மீர்ப் போரை வைத்து எழுதிய என் கதையின் நூற்றெண்பது பக்கத்தையும் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

உடனே குதிக்காதே. "ஒரு டாங்க் ஆற்றில் விழுந்ததால் லடாக் கைவிட்டுப் போய்விடுமா?" என்று நீ கேட்டாயே, அது பாதி சரி. மீதிப் பாதியை மலைதான் சொல்லிக்கொடுத்தது.

நான் எழுதியிருந்தது உனக்குத் தெரியும். 1948 அக்டோபரில் நம் டாங்குப் படையான 7வது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகளைப் பிரித்து, ரகசியமாக ஸ்ரீநகர் வழியாகக் கொண்டுபோகிறார்கள். பலவீனமான பாலங்களில் வின்ச் வைத்து இழுக்கிறார்கள். இதுவரை நடந்தது. என் கதையில் ஒரு பாலம் உடைந்து ரகசியம் வெளியாகிவிடுகிறது, நவம்பர் 1ஆம் தேதித் தாக்குதலே நடக்கவில்லை. சுலபமாக எழுதிவிட்டேன். ஆனால் ஒரு டாங்க் விழுந்தால் அடுத்ததைக் கொண்டுவருவார்கள். திம்மையா மாதிரி ஆள் அதோடு நின்றுவிடுவாரா? தாக்குதல் அன்றைக்கு முன்வரிசை டாங்கில் தானே ஏறிப்போன ஜெனரல் அவர்.

கணவாயில் இறங்கி நின்றேன். 11,500 அடிக்கு மேல். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அடிவாரத்தில் இருக்கும் பால்டால் பக்கம் எட்டிப் பார்த்தேன், வயிறு கலங்கியது. செங்குத்துச் சரிவு, கீழே நூல் மாதிரி ஆறு. அந்தச் சரிவில் அன்றைக்கு இருந்தது கோவேறு கழுதை போகும் தடம். அதைத்தான் பட்டாளத்தின் பொறியாளர் படையான மதராஸ் சேப்பர்ஸ் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள் வெட்டி அகலப்படுத்தி, ஜீப் போகிற பாதையாக்கி, அதன்மேல் பதினைந்து டன் டாங்கை ஏற்றியிருக்கிறார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் நம் 77வது பாரா பிரிகேடு நேராக மோதிப்பார்த்துத் தோற்றுத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் கும்ரியில் பாறைப் பொந்துகளில் இருந்த எதிரியின் மெஷின் கன்களைக் காலாட்படையால் அசைக்க முடியவில்லை. டாங்க்தான் அசைத்தது. அந்த டாங்கை மேலே கொண்டுவந்தது அந்தப் பாதை.

அங்கே நின்றபோது உன் பெரியப்பா ஞாபகம் வந்தார் கணேசா.

நினைவிருக்கிறதா? எஸ்.எஸ்.எல்.சி. லீவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, "காஷ்மீரில் எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று நச்சரித்தோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரோடு போட்டோம்டா" என்று மட்டும் சொன்னார். நமக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாஸ்கரன் "அவ்வளவுதானா?" என்றே கேட்டுவிட்டான். பட்டாளத்தில் சேப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவர் சொன்னதையும் நாம் காதில் வாங்கவில்லை. அந்தச் சரிவைப் பார்த்தபிறகு அந்த இரண்டு வார்த்தையை என்னால் விடவே முடியவில்லை. மூன்று ராத்திரி தூங்கவில்லை.

அதனால் கதையைப் புதிதாக ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை பாலம் கிடையாது. பனி. நிஜத்திலேயே பனியால் தாக்குதல் சில நாள் தள்ளிப்போனது. என் கதையில் அந்தப் பனி இரண்டு வாரம் முன்னாலேயே வந்து, தம்பிகள் வெட்டிக்கொண்டிருக்கும் பாதையைப் பாதியில் மூடிவிடுகிறது. டாங்குகள் கீழேயே நிற்கின்றன. 1949 ஜனவரி 1 போர்நிறுத்தம் வந்துவிடுகிறது. எந்தப் படை எங்கே நின்றதோ அங்கேதான் கோடு. அது ஜோஜிலாவில் விழுகிறது.

அப்புறம் என்ன ஆகும் என்று யோசி. டிராஸ், கார்கில் பாகிஸ்தான் பக்கம். வடக்கே ஸ்கர்டு ஊர் ஆகஸ்ட் 14லேயே அவர்களிடம் விழுந்தாயிற்று. லே மட்டும் தனியாக நிற்கிறது. மே 24ஆம் தேதி விமானப்படையின் மெஹர் சிங் டகோட்டா விமானத்தை இறக்கினாரே, இன்ஜினியர் சோனம் நோர்பு போட்ட அந்த மண் ஓடுதளமும், ரோஹ்தாங், பாராலாச்சா கணவாய்களைத் தாண்டி மணாலியிலிருந்து வரும் குதிரைத் தடமும்தான் அதற்கு உயிர்நாடி. என் கதையில் 1999இல் டோலோலிங் மலையில் கார்கில் சண்டையே இல்லை, ஏனென்றால் காக்க வேண்டிய ஸ்ரீநகர்-லே சாலை நம்மிடம் இல்லை. ஆனால் 1962? சாலை இல்லாத லேயை வைத்துக்கொண்டு சீனப் படையை எப்படி எதிர்கொள்வது? இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. நிஜத்தில் கார்கிலுக்கும் ஸ்கர்டுவுக்கும் நடுவே கோடு விழுந்தது. ஒரே பால்டி பேச்சு, ஒரே உறவு, அண்ணன் இந்தப் பக்கம் தம்பி அந்தப் பக்கம். கார்கில்-ஸ்கர்டு சாலை இன்றுவரை மூடித்தான் கிடக்கிறது. நாம் தோற்கிற என் கதையில் அந்தக் குடும்பங்கள் சேர்ந்தே இருக்கும், அறுந்துபோவது லே. இதை எழுதலாமா? எழுதினால் அங்கே பாதை வெட்டிச் செத்தவனுக்குத் துரோகமா? எழுதாவிட்டால் கதை பொய்யாகிவிடும் என்று தோன்றுகிறது. நீ எப்போதும் போல முகத்துக்கு நேராகச் சொல்.

இப்போது அந்த மலைக்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். முடிந்தால் குளிர்காலத்திலும் வண்டி போகும். பெரியப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒரு உதவி வேண்டும். அவருடைய பச்சை டிரங்குப்பெட்டி உன் அண்ணி வீட்டில்தானே இருக்கிறது? டிஸ்சார்ஜ் புத்தகம், போட்டோ, துண்டுக் காகிதம் என்று எது இருந்தாலும் பார்த்துச் சொல். எந்தக் கம்பெனி, எந்த மாதம் என்று தெரிந்தால் போதும். அண்ணியிடம் நான் கேட்டால் தயங்குவார், நீ போய்க் கேள். கல்யாணத்துக்கு வரும்போது கையோடு எடுத்து வா, தபாலில் அனுப்பாதே.

அன்புடன்,
ராமு