ஒலிபெருக்கி போதாது, பேண்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இந்தச் சுதந்திர தினத்தன்று எங்கள் பகுதி விழாவில் தேசிய கீதத்தைச் செல்போனிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்தது.

1758-இல் உருவான மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற ராணுவப் படைப்பிரிவின் பயிற்சி மையம் எங்கள் நீலகிரியின் வெலிங்டனில் இருப்பதால், ராணுவ பேண்டு எங்களுக்குப் புதிதல்ல. முதலில் டிரம் சத்தம் வரும். பிறகு ட்ரம்பெட் எழும், அதற்கு அடியில் யூஃபோனியம், டியூபா என்ற கனத்த குரல் பித்தளை ஊதுகருவிகள். டியூபாவின் ஒலி நெஞ்சுக்கூட்டில் அதிரும். எந்த ஒலிபெருக்கி அதைத் தரும்?

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். மலைக்குளிரில் பித்தளைக் குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும், அதனால் வாசிக்கும் முன் ஊதி ஊதிச் சூடேற்றுவார்கள் என்று சொல்வார். மனுஷ மூச்சு பட்டுத்தான் அந்த உலோகம் பேசுகிறது. ஜனவரி 29-இல் டில்லி விஜய் சவுக்கில் ராணுவ பேண்டுகள் வாசிக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியைத் (பீட்டிங் ரிட்ரீட்) தொலைக்காட்சியில், முழங்கால் வலியோடும் எழுந்து நின்றே பார்ப்பார். அவர் போன பிறகு நானும் நின்றுதான் பார்க்கிறேன்.

பேண்டில் வாசித்து ஓய்வுபெற்றவர்கள் நம் மலையிலேயே குடியிருக்கிறார்கள். பள்ளிகள் அவர்களை அழைத்து, வாரம் 2 மணி நேரமாவது பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்ல வேண்டும். அலமாரியில் களிம்பேறிக் கிடக்கும் வாத்தியங்களை வெளியே எடுங்கள். குடியரசு தினத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரரின் மனைவி,
அருவங்காடு, நீலகிரி.